கீட்டா கீதா?

1

போன மாதம் என் மேல் ஒரு புகார் வந்தது. புதிதாக ஒரு மொழி கற்று, அலுவலகம் அலுவலகமாக அலைந்து வாங்கிய வேலையில் வந்த முதல் புகார். ஜெர்மன்காரர்கள் யாரும் கொடுக்கவில்லை. நம் சென்னைப் பெண் ஒருத்திதான் கொடுத்தாள். ஹாம்பர்க் நகரத்துப் பிள்ளைகளுக்கு நான் 'கீது' என்று சொல்லிக் கொடுக்கிறேனாம்.

உண்மைதான். சொல்லிக் கொடுத்தேன்.

நான் செல்வி. எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். இப்போது ஹாம்பர்க்கில் ஒரு மழலையர் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் தாளமும் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த மாதிரி இடத்துக்கு இங்கே 'கீட்டா' என்று பெயர். தவழும் வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை பிள்ளைகள் அங்கேதான் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு வளர்கிறார்கள். என் வீட்டுக்காரர் சேகர் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்பார்:

"இன்னாமே, இன்னிக்கு கீட்டா கீதா?"

"கீது" என்பேன்.

வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் 'கீது' என்றால் 'இருக்கிறது'. 'கீதா' என்றால் 'இருக்கிறதா'. இத்தனை வருடம் கழித்தும் அவர் இதையே கேட்டு, இதற்கே சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. துருக்கிக்காரர்களும் பெண்களுக்குச் செல்வி என்று பெயர் வைப்பார்களாம். புதிதாக வரும் துருக்கி அம்மாக்கள் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் வயிற்றுவலி வரை அவர்கள் பாஷையில் கொட்டிவிடுவார்கள். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, அப்புறம் மெதுவாக உண்மையைச் சொல்வேன். அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

2

முகத்துவாரக்குப்பத்து அங்கன்வாடி ஒரே அறை. ஒரு ஜன்னலில் ஆறு கடலில் சேரும் இடம் தெரியும். இன்னொன்றில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் காற்றோடு சாம்பலும் வரும். அதனால் சத்துமாவு கொட்டி வைக்கும் தகர டப்பாக்களைத் துடைப்பதுதான் என் நாளின் முதல் வேலை.

அந்த டப்பா மூடிகள்தான் எங்கள் வாத்தியம். வேறு எதுவும் கிடையாது. தாளம் என்றால் என்னவென்று மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கொட்டாவி விடும். அதனால் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த சொற்களையே எடுத்துக்கொண்டேன். ஒரு தட்டுக்கு 'வா'. இரண்டு தட்டுக்கு 'இன்னா'. நாலு தட்டு வேகமாக வேண்டுமென்றால் 'வந்துகினு', அதாவது 'வந்துகொண்டு'. வந்-து-கி-னு, சொல்லிப் பாருங்கள், நாலும் தானாக விழும். முடித்து உட்கார 'கீது'. 'வா, வா, வந்துகினு வா' என்று மூடியைத் தட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வருவோம். படகிலிருந்து வலை இறக்கிக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்குக் கேட்கும். அங்கிருந்தே ஒருத்தர் 'இன்னா?' என்று குரல் கொடுப்பார். பிள்ளைகள் ஒரே குரலில் 'கீது' என்பார்கள்.

மீன் விற்கும் அஞ்சலை அக்காவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒருநாள் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சரு, எம்பொண்ணு வூட்ல பேசுற மாதிரியே இங்கயும் பேசிகினு கீது. அதுக்கு இன்னாத்துக்கு இங்க அனுப்பணும்? படிச்சவங்க மாதிரி பேச சொல்லிக் குடு."

"மொதல்ல வாயத் தொறந்து பேசட்டும்கா. நல்ல பேச்சு அப்பறம் வரும்."

"அப்பறம்னா எப்போ?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஹாம்பர்க் வந்ததும் என் அங்கன்வாடிச் சான்றிதழை ஜெர்மனில் பெயர்த்து ஓர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்தவர் மிகவும் நேர்மையான மனிதர். 'அங்கன்' என்றால் முற்றம், 'வாடி' என்றால் தோட்டம் என்று அகராதியில் பார்த்து, 'முற்றத்துத் தோட்டப் பணியாளர்' என்று போட்டுவிட்டார். எனக்கு அப்போது இருந்த ஜெர்மனில் அது தெரியவில்லை. அலுவலகத்து அம்மாள், எத்தனை வருடம் பார்த்துக்கொண்டீர்கள், தினமும் தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பா என்று விசாரித்தார். ஆமாம், தண்ணீரும் கொடுப்பேன், மத்தியானம் சாதமும் ஊட்டுவேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நீங்களும் கிண்டர்கார்டன், பிள்ளைகளின் தோட்டம் என்றுதானே சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர, மறுபடி புதிதாகப் பெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு சொல்லைத் திருத்த ஒரு குளிர்காலம் போனது.

3

இனி ஆதிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆதிராவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அப்பா, அம்மா இரண்டு பேரும் கணினி வேலை. அம்மாவின் பெயர் மஹி. அளந்து பேசுகிற, திருத்தமான பெண். ஆதிரா கீட்டாவுக்கு வந்து வெகுநாளாகியும் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் பேசுவாளாம். கீட்டாவின் வாசற்படி ஏறினால் வாய் பூட்டிக்கொள்ளும். குளிருக்கான மேல்சட்டைகளைக் கழற்றி மாட்டி வைக்கும் இடத்தில், தன் சட்டைக்குக் கீழே உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழ மாட்டாள். அழுதாலாவது தூக்கிக்கொள்ளலாம்.

இந்த ஊரில் பிள்ளைகளுக்கு நாலரை வயதானதும் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். அங்கே ஒரு டீச்சர் படங்களைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பார். பிள்ளை எவ்வளவு பேசுகிறது, எவ்வளவு புரிந்துகொள்கிறது என்று பார்ப்பார். வாயே திறக்கவில்லையென்றால் தனி வகுப்பு, மருத்துவர், பரிசோதனை என்று வேறு ஒரு பாதை ஆரம்பித்துவிடும். அது கெட்ட பாதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஹி அதை நினைத்தே பாதி இளைத்துப்போயிருந்தாள். என்னிடம் வந்து, "அக்கா, நீங்களாவது அவகூட தமிழ்ல பேசிப் பாருங்களேன்" என்று கேட்டுக்கொண்டாள்.

பேசினேன். தினமும் சாயங்காலம் மேல்சட்டையை மாட்டிவிடும்போது, சேகருடைய பழைய ஜோக்கையே அவளிடம் விட்டேன். "நாளைக்கு கீட்டா கீதா?" என்பேன். தலையை மட்டும் ஆட்டுவாள்.

இங்கே தாளம் சொல்லிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு தட்டுக்கு 'டே', அதாவது தேநீர். இரண்டுக்கு 'காஃபே'. நாலுக்கு 'லிமோனாடே'. எனக்கு இது கல்யாணப் பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவதாகத்தான் தோன்றும். ஒருநாள் யோனாஸ் என்ற பையனுக்கு அந்த நாலு தட்டு பிடிபடவே இல்லை. லிமோனாடேயில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, என் வாய் தானாக 'வந்துகினு' என்றது. பையன் பளிச்சென்று பிடித்துக்கொண்டான்.

அதன்பிறகு லிமோனாடேயை ஒருவரும் சீண்டவில்லை. வா, இன்னா, வந்துகினு, கீது. மூன்றே நாளில் அறை முழுக்க எண்ணூர்தான். அதில் 'வந்துகினு' என்றால் ஏதோ மிருகம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். நாலு சத்தம் இருப்பதால் நாலு கால். லோட்டே என்ற சிறுமி அதற்கு நீல நிறத்தில் வால் வைத்து வரைந்து, சுவரில் ஒட்டினாள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆதிரா சிரித்தாள். சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் என் அருகில் வந்து, காதில் சொன்னாள்:

"அது மிருகம் இல்ல. யாரோ வராங்க."

கீட்டாவில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல், "ஆமா, வந்துகினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இந்தச் சொல் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன். சந்தோஷத்தில் அதை மேலே யோசிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆதிரா வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை, ஆனால் தட்டினாள். தட்டும்போது உதடு அசைந்தது.

4

அப்போதுதான் மஹி வந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆதிரா வீட்ல ஒரு பாட்டு பாடறா. கீது, வந்துகினுன்னு. அது இங்கேர்ந்துதான் வருதா?"

"ஆமாம்மா. பாடறாளா? நெஜமாவா?"

என் சந்தோஷத்தை அவள் கவனிக்கவே இல்லை. "இந்த பாஷை வேண்டாம்க்கா. எது சொல்லிக் குடுத்தாலும் நல்ல தமிழா சொல்லிக் குடுங்க. இல்லன்னா ஜெர்மனே போதும்."

"இதுல என்னம்மா தப்பு?"

"நான் தலைமை ஆசிரியைகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். குனிந்து ஆதிராவின் மேல்சட்டை ஜிப்பை இழுத்தாள். அது மாட்டிக்கொண்டது. "சே, ஒரே பேஜாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சேகரிடம் பொரிந்து தள்ளினேன். ஏதோ பெரிய இடத்துப் பெண், நம் பேச்சைக் கேட்டால் காது தீட்டாகிவிடும் போலிருக்கிறது என்றேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வுடு செல்வி. கொயந்த அவங்களுது" என்றார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டுக் கேட்டார். அவை கெட்ட வார்த்தைகளா? இல்லை, வார்த்தைகள் கெட்டவை இல்லை, பேசும் இடத்தைத்தான் மட்டமாக நினைக்கிறார்கள் என்று விளக்கப் பார்த்தேன். ஜெர்மனில் வார்த்தைக்கு 'வோர்ட்', இடத்துக்கு 'ஓர்ட்'. பதற்றத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். இடம் நல்ல இடந்தான், வார்த்தைகள்தான் மோசம் என்று நானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் திடுக்கிட்டு, அப்படியானால் நிறுத்திவிடுவது நல்லது இல்லையா என்றார். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தொலைபேசி அடித்தது.

நிறுத்திவிட்டேன்.

5

பிள்ளைகள், 'வந்துகினு எங்கே?' என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறது என்றேன். டே, காஃபே, லிமோனாடே என்று மறுபடி பந்தி விசாரிக்க ஆரம்பித்தோம். ஆதிரா இரண்டு நாள் வட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் எழுந்து போய், தன் மேல்சட்டைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் "நாளைக்கு கீட்டா கீதா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் அம்மா வேண்டாம் என்று சொன்னதை மீறக் கூடாதே. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரிலிருந்து என் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். என் மகன் கவினிடம், "இன்னா நைனா, எப்டி கீற?" என்றான். கவின் இங்கேயே வளர்ந்தவன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறான். ஒரு நொடி யோசித்துவிட்டு, "நான் நலமாக இருக்கிறேன், மாமா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றான்.

"இன்னாக்கா, உன் புள்ள நியூஸ் வாசிக்கிறான்" என்று தம்பி சிரித்தான்.

நானும் சிரித்தேன். கவினுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் பேசிய தமிழில் ஒரு பிழையும் இல்லை. நான்தான் அவனைக் கை பிடித்து அந்த வகுப்பில் கொண்டுபோய் விட்டேன். வீட்டில் அவன் காதுபட நானும் சேகரும் 'கீது' என்று பேசிக்கொள்வோம், அவன் பக்கம் திரும்பினால் 'இருக்கு' என்போம். எப்போதிலிருந்து அப்படி என்று நினைவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. மஹி வாய்விட்டுக் கேட்டதை நான் சத்தமில்லாமல் என் வீட்டில் செய்து முடித்திருக்கிறேன். அதன்பிறகு அவள் மேல் கோபப்பட முடியவில்லை.

6

பள்ளிக்கூடத்தில் ஆதிராவைக் காட்ட வேண்டிய நாள் ஒரு புதன்கிழமை வந்தது. அன்று எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பிள்ளைகள் 'காஃபே' என்றபோது நான் 'லிமோனாடே' தட்டிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் மஹி வந்து நின்றாள். ஆதிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. குளிரா அழுகையா தெரியவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

மஹி அங்கிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முழங்கால் நெஞ்சை இடித்தது.

"அந்த டீச்சர் நல்லவங்கதான்க்கா. பொறுமையா ஒவ்வொரு படமா காட்டினாங்க. இவ வாயே தெறக்கல. மேசைக்கு அடில பாக்கறா. அவங்க பேனாவ மூடி வெச்சிட்டாங்க. அவ்ளோதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினாள். "என் கை சும்மா இருக்காம மேசைய தட்டிகினு இருந்துச்சி. எனக்கே தெரியல. அப்ப என் வாய்ல இன்னா வந்துச்சி தெரியுமா?"

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"'இன்னா கீது?'ன்னு கேட்டேன்க்கா. தாளமா. நீங்க தட்ற மாதிரியே. இவ ஒடனே படத்த பார்த்து, 'கப்பலு கீது'ன்னா. அடுத்தது காட்டினாங்க. 'நாயி கீது.' 'மரம் கீது.' தட்டிகினே சொல்றா. அந்த டீச்சரும் மேசைய தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அப்பறம் அவங்க ஜெர்மன்ல கேட்டாங்க, இவ ஜெர்மன்லயே சொன்னா. எல்லாம் உள்ள இருந்துருக்குக்கா. எல்லாமே கீது."

அவள் பேச்சு எங்கே மாறியது என்று நான் கவனிக்கவில்லை. இப்போதுதான் உறைத்தது.

"நீ எந்த ஊரும்மா?"

"வண்ணாரப்பேட்டை" என்றாள். "வூட்ல என் பேரு மகேசு. எங்கம்மா இன்னும் அங்கதான் கீறாங்க. இவ போன்ல அவங்க பேசறத கேட்டுகினே இருப்பா." குனிந்து ஆதிராவின் காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது. "இன்ஜினியரிங் காலேஜுல மொத நாளு, 'பேரு என்ன'ன்னு கேட்டவளுக்கு பதில் சொல்றப்ப ஒரு 'கீது' வந்துட்ச்சி. அன்னியோட என் பேரே கீதுதான். நாலு வருஷம். 'ஏய் கீது, சாப்புட்டியா?' 'கீது வந்துட்டா பாரு.' ஹாஸ்டல்ல, கேன்டீன்ல, எங்கயும். சிரிச்சிகினேதான் கூப்டுவாங்க, நானும் சிரிப்பேன். அப்பறம் ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு, இருக்கு, இருக்குன்னு சொல்லிப் பழகினேன்." நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு இவ வூட்ல பாடறா. என்னை யாரோ திரும்ப கூப்டற மாதிரி இருந்துச்சிக்கா. அதான் வந்து அப்டி பேசிட்டேன்."

அவளை ஏதோ பெரிய இடத்துப் பெண் என்று நினைத்திருந்தேன். அவள் தோளில் கை வைத்தேன். அஞ்சலை அக்கா அன்று கேட்ட 'அப்பறம்னா எப்போ?' ஞாபகம் வந்தது.

"அந்த டீச்சர் கேட்டாங்க, இது என்ன மொழின்னு" என்றாள் மஹி. "தமிழ்னு சொல்லிட்டு வந்துருக்கலாம். எங்க வூட்டு பாஷைன்னு சொன்னேன்."

உள்ளே பிள்ளைகள் தூங்குவதற்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் நீல வாலோடு வந்துகினு இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. மஹி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ஆதிரா நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பி, நான் அத்தனை நாள் அவளிடம் கேட்ட கேள்வியை, கதவைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"நாளைக்கு கீட்டா கீதா?"

நான் வாயெடுப்பதற்குள் அவள் அம்மா பதில் சொன்னாள்.

"கீது."